ஆயிரம் ஷில்லிங் நோட்டில் ஒரு டாக்டர்



உலக ரத்த தான தினத்தை ஒட்டி நம் சங்கம் நடத்தும் முகாமுக்கான அறிவிப்பை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். சி பிளாக்கில் இருக்கும் பள்ளி மாணவி ஒருத்தி நின்று படித்துவிட்டு, ஏன் அங்கிள் ஜூன் 14, அன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டாள். அது ஒருவருடைய பிறந்தநாள் என்று சொன்னேன். யாருடையது என்றாள். பெயரைச் சொன்னேன். அவள் கேள்விப்பட்டதில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர்கள் இரண்டு பேரும் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அவர் பெயர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். முப்பத்தெட்டு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். படித்தது பி.காம். மருத்துவத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. இந்த மனிதரை எனக்கு முதலில் அறிமுகப்படுத்தியதும் மருத்துவப் புத்தகம் அல்ல, ரூபாய் நோட்டு மாதிரி ஒரு நோட்டுத்தான். வெளிநாட்டு நோட்டுகள் சேகரிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆஸ்திரியா நாட்டில் யூரோ வருவதற்கு முன்னால் ஷில்லிங் என்ற நாணயம் புழக்கத்தில் இருந்தது. 1997-இல் அவர்கள் வெளியிட்ட ஆயிரம் ஷில்லிங் நோட்டில் மீசை வைத்த ஒரு மனிதரின் படம் இருக்கும். ராஜாவா, மந்திரியா என்று பார்த்தால் டாக்டர். யார் இவர் என்று தேடப் போய்த்தான், என் வீட்டில் நடந்த ஒரு விஷயத்துக்கும் இவருக்கும் இருக்கும் தொடர்பு எனக்குப் புரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய கதை அது.

வியன்னாவில் ஒரு பையன்

லாண்ட்ஸ்டைனர் 1868-ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று ஆஸ்திரியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்ததும் படித்ததும் வியன்னாவில். அப்பா லியோபோல்ட் சட்டம் படித்தவர். பெயர் பெற்ற பத்திரிகையாளர், பத்திரிகை நடத்தியவர். பையனுக்கு ஆறு வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். அதன் பிறகு அம்மா ஃபானிதான் எல்லாம். அம்மாவிடம் அவருக்கு இருந்த பாசம் அசாதாரணமானது. அம்மா இறந்தபோது அவர் முகத்தை அச்சு எடுத்து, அதைத் தன் கடைசி நாள் வரை அறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இளம் வயதிலேயே கத்தோலிக்க மதத்துக்கு மாறினார்.

1891-இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். நம் ஊரில் என்றால் உடனே ஒரு கிளினிக் திறந்திருப்பார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. உடம்புக்குள் நடப்பதை அறிய ரசாயனம் தெரிய வேண்டும் என்று முடிவு செய்து, சூரிச், வூர்ட்ஸ்பர்க், மியூனிக் என்று ஊர் ஊராகப் போய் வேதியியல் படித்தார். வூர்ட்ஸ்பர்க்கில் இவருக்கு ஆசிரியராக இருந்த எமில் ஃபிஷர் பிற்பாடு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். டாக்டர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி மாணவனாக உட்கார்ந்தது வீண் போகவில்லை. அவருடைய வாழ்நாள் வேலை முழுவதும் அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கிறது.

1898 முதல் 1908 வரை பத்து வருடம் வியன்னா பல்கலைக்கழகத்தின் நோய்க்குறியியல் துறையில் உதவியாளர் வேலை. முக்கியமான கடமை பிரேதப் பரிசோதனை. அந்த வருடங்களில் சுமார் 3,600 பிரேதப் பரிசோதனைகள் செய்திருக்கிறார். பழக்க தோஷம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஞாயிறு, பண்டிகை எதையும் கழிக்காமல் பார்த்தாலும் கிட்டத்தட்ட நாளைக்கு ஒன்று. அந்த வேலையை முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில்தான் ஆராய்ச்சி. உலகத்தை மாற்றிய கண்டுபிடிப்பு அந்த மிச்ச நேரத்தில் வந்தது.

அதுவரை என்ன நடந்தது?

ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றும் ஆசை மனிதனுக்குப் பழையது. 1667-இல் பாரிஸில் ழான் பாப்டிஸ்ட் டெனி என்ற மருத்துவர் ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை மனிதருக்கு ஏற்றினார். சிலர் பிழைத்தார்கள். பிறகு ஒரு நோயாளி இறந்து விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. பிரான்சில் அந்தச் சிகிச்சையே தடை செய்யப்பட்டது. நூற்றைம்பது வருடம் கழித்து, 1818-இல் லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் என்ற மருத்துவர் மனித ரத்தத்தையே மனிதருக்கு ஏற்ற ஆரம்பித்தார். பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகும் பெண்களைப் பார்த்துப் பொறுக்காமல் அவர் எடுத்த முயற்சி அது. அவருடைய நோயாளிகளில் சிலர் பிழைத்தார்கள், சிலர் இறந்தார்கள்.

ஏன் ஒருவர் பிழைக்கிறார், ஏன் இன்னொருவருக்குக் குளிர் நடுங்கி, இடுப்பு வலித்து, சிறுநீர் சிவப்பாகப் போய், சிறுநீரகம் செயலிழந்து உயிர் போகிறது என்பது யாருக்கும் விளங்கவில்லை. காசைச் சுண்டிப் போட்டு வைத்தியம் செய்தது போலத்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பல மருத்துவர்கள் ரத்தம் ஏற்றுவதையே கைவிட்டு, உப்பு நீர் ஏற்றினால் போதும் என்று இருந்துவிட்டார்கள்.

ஒருவருடைய ரத்தத்தை இன்னொருவருடைய சீரத்தில் கலந்தால், அதாவது ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளியும் நீரில் கலந்தால், சில சமயம் சிவப்பணுக்கள் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். இதை வேறு சிலரும் பார்த்திருந்தார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது நோயாளிகளின் ரத்தத்தில். ஆகவே இது நோயின் அடையாளம் என்று நினைத்துவிட்டார்கள்.

ஒரு சின்ன அட்டவணை

லாண்ட்ஸ்டைனர் வேறு மாதிரி யோசித்தார். ஆரோக்கியமான மனிதர்களின் ரத்தத்தில் இப்படி நடக்கிறதா என்று பார்த்தார். 1900-இல் வேறு விஷயம் பற்றிய ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில், ஆரோக்கியமானவர்களின் சீரமும் மற்றவர்களின் சிவப்பணுக்களைக் கட்டியாக்குகிறது என்று போகிற போக்கில் எழுதினார். அடுத்த வருடம், 1901-இல், விரிவான கட்டுரை வந்தது.

அவர் செய்தது மிக எளிமையானது. பெரிய கருவி எதுவும் இல்லை. தன்னுடைய ரத்தத்தையும், கூட வேலை செய்த ஐந்து பேரின் ரத்தத்தையும் எடுத்தார். ஒவ்வொன்றிலும் சீரத்தைத் தனியாக, சிவப்பணுவைத் தனியாகப் பிரித்தார். பிறகு ஒவ்வொருவர் சீரத்தையும் மற்ற ஒவ்வொருவர் சிவப்பணுவோடும் கலந்தார். கட்டி விழுந்தால் கூட்டல் குறி. விழாவிட்டால் கழித்தல் குறி. குறுக்கே ஆறு, நெடுக்கே ஆறு. நம் லெட்ஜர் பக்கம் மாதிரி ஒரு அட்டவணை. இதோடு இன்னும் சிலருடைய ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தார்.

அந்த அட்டவணையை நான் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது, யாருடைய சீரமும் தன் சொந்த அணுவைத் தொடவில்லை என்பது. அடுத்தது, கூட்டல் குறிகள் தாறுமாறாக விழவில்லை, ஒரு ஒழுங்கு இருந்தது. மனிதர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். அவற்றுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைத்தார். அந்த சி-தான் பிறகு ஓ ஆனது. லாண்ட்ஸ்டைனரே அந்த ஓ பிரிவைச் சேர்ந்தவர். நான்காவது பிரிவான ஏபி-யை, அடுத்த வருடம், 1902-இல், டெகாஸ்டெல்லோ, ஸ்டுர்லி என்ற இருவர் கண்டார்கள். இதில் ஸ்டுர்லி, முதல் அட்டவணைக்கு ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவர்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை நம் கேட்டை வைத்தே சொல்கிறேன். நம் கேட்டில் இருக்கும் வாட்ச்மேன், ஸ்டிக்கர் இல்லாத வண்டியை நிறுத்துவார். ரத்தத்தில் இருக்கும் வாட்ச்மேன் இதற்கு நேர்மாறு. ஸ்டிக்கர் இல்லாத வண்டியை அவர் கண்டுகொள்ள மாட்டார். தன் வீட்டில் இல்லாத ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியைக் கண்டால்தான் மறிப்பார். ஏ பிரிவுக்காரரின் சிவப்பணுவில் ஏ ஸ்டிக்கர் இருக்கிறது. அவருடைய சீரத்தில் பி ஸ்டிக்கரைத் தாக்கும் வாட்ச்மேன் இருக்கிறார். பி-க்காரருக்கு இது தலைகீழ். ஓ அணுவில் இரண்டு ஸ்டிக்கரும் இல்லை, சீரத்தில் இரண்டு வாட்ச்மேனும் உண்டு. ஏபி அணுவில் இரண்டு ஸ்டிக்கரும் உண்டு, வாட்ச்மேன் ஒருவரும் இல்லை. ஸ்டிக்கருக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் ஆன்டிஜென். வாட்ச்மேனுக்கு ஆன்டிபாடி. இந்த ஏ, பி விஷயத்தில் வாட்ச்மேன்கள் குழந்தைப் பருவத்திலேயே தானாக வேலைக்கு வந்துவிடுகிறார்கள். அதனால்தான் வாழ்நாளில் முதல் தடவை ரத்தம் ஏற்றும்போதே, பிரிவு மாறினால் உயிருக்கு ஆபத்து.

தன் கட்டுரையின் முடிவிலேயே, ரத்தம் ஏற்றும் சிகிச்சை ஒருவருக்குப் பலித்து ஒருவருக்குப் பலிக்காமல் போவதை இது விளக்கக்கூடும் என்று லாண்ட்ஸ்டைனர் குறித்தார். 1903-இல் மாக்ஸ் ரிக்டர் என்பவரோடு சேர்ந்து, குற்ற வழக்குகளில் காய்ந்த ரத்தக் கறையின் பிரிவைப் பார்க்கவும் இது உதவும் என்று எழுதினார்.

உலகம் கை தட்டியதா என்றால், இல்லை. பல வருடம் அந்தக் கட்டுரை தூங்கியது. 1907-இல் நியூயார்க்கில் ரூபன் ஆட்டன்பர்க் என்ற மருத்துவர்தான் ரத்தம் ஏற்றுவதற்கு முன் பிரிவு பார்த்துப் பொருத்த ஆரம்பித்தார். இதற்கிடையில் பிரிவுகளுக்கு எண் கொடுக்கிறேன் என்று இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவர் முறையில் ஓ பிரிவு எண் ஒன்று, ஏபி நான்கு. இன்னொருவர் முறையில் ஏபி ஒன்று, ஓ நான்கு. ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் கணக்கு எண்ணைத் தலைகீழாக எழுதினால் என்ன ஆகும்! இங்கே போவது பணம் அல்ல, உயிர். கடைசியில் எழுத்துகளே நிலைத்தன.

சம்பளம் இல்லாத பேராசிரியர்

லாண்ட்ஸ்டைனர் ரத்தத்தோடு நிற்கவில்லை. 1904-இல் டோனாத் என்பவரோடு சேர்ந்து, குளிரில் போய் வந்தால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் சிவக்கும் ஒரு நோயின் காரணத்தைக் கண்டார். தன் சொந்த அணுக்களையே தாக்கும் ஆன்டிபாடிதான் அதற்குக் காரணம். சொந்த வீட்டு வண்டியையே மறிக்கும் வாட்ச்மேன்!

1908-இல் எர்வின் பாப்பர் என்பவரோடு சேர்ந்து இன்னொரு பெரிய காரியம். போலியோவால் இறந்த ஒரு சிறுவனின் தண்டுவடத்திலிருந்து எடுத்ததைக் குரங்குகளுக்குச் செலுத்தி, அந்த நோய் தொற்றக்கூடியது என்று காட்டினார். வியன்னாவில் குரங்கு வாங்கப் பணம் போதவில்லை. பாரிஸில் இருந்த பாஸ்டர் ஆய்வகத்தோடு சேர்ந்து அந்த வேலையைத் தொடர்ந்தார். பாக்டீரியாவைப் பிடிக்கும் வடிகட்டியையும் தாண்டிப் போகும் வைரஸ்தான் போலியோவுக்குக் காரணம் என்று தெரிந்தது. நம் பேரக் குழந்தைகள் வாயில் விழும் போலியோ சொட்டு மருந்தின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

1911-இல் வியன்னா பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் பட்டம் கொடுத்தது. அதற்கான சம்பளம் கொடுக்கவில்லை. பதவி உயர்வு உண்டு, இன்க்ரிமென்ட் கிடையாது! வங்கியில் இருந்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

1916-இல், 48-ஆவது வயதில், ஹெலன் விளாஸ்டோ என்ற பெண்ணை மணந்தார். ஒரே மகன், எர்னஸ்ட். முதல் உலகப் போர் 1918-இல் முடிந்தபோது ஆஸ்திரியா தோற்று, சாம்ராஜ்யம் சிதறி, வியன்னாவில் சோற்றுக்கும் விறகுக்கும் தட்டுப்பாடு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியும் செய்ய முடியாமல், 1919-இல் குடும்பத்தோடு நெதர்லாந்தின் ஹேக் நகருக்குப் போனார். அங்கே ஒரு சின்னக் கத்தோலிக்க மருத்துவமனையில் வேலை. ஐம்பது வயதைத் தாண்டிய, ரத்தப் பிரிவுகளைக் கண்ட மனிதர், ஒரு சாதாரண லேப் ஊழியர் மாதிரி தினசரிப் பரிசோதனைகளைச் செய்துகொண்டிருந்தார். அப்போதும் சும்மா இருக்கவில்லை. அங்கிருந்தும் பன்னிரண்டு ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்.

1922-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனம் அவரை அழைத்தது. கப்பல் ஏறினார். 1929-இல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். பேச்சு குறைவு, கூட்டம் பிடிக்காது, பியானோ நன்றாக வாசிப்பார், வேலையில் மகா கறார். அங்கே பிலிப் லெவின் என்ற இளைஞரோடு சேர்ந்து 1927-இல் எம், என், பி என்று இன்னும் சில ரத்தக் குணங்களைக் கண்டார். இந்த பி, ஏ-பி-ஓ-வில் வரும் பி அல்ல, வேறு. ஆக, ஸ்டிக்கர் இரண்டே இரண்டு அல்ல, இன்னும் இருக்கிறது என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

1930-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அட்டவணை போட்டு இருபத்தொன்பது வருடம் கழித்து!

ஓய்வு பெற்ற பிறகு வந்த விடை

எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. 1939-இல் அவர் ஓய்வு பெற்றார். வயது 71. ஆனால் லேபுக்குப் போவதை நிறுத்தவில்லை.

அந்த நேரத்தில் ஒரு புதிர் இருந்தது. ஏ-வுக்கு ஏ, ஓ-வுக்கு ஓ என்று சரியாகப் பொருத்தி ஏற்றியும் சிலருக்கு விபரீதம் நடந்தது. குறிப்பாக முன்பே ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், குழந்தை பெற்ற பெண்களுக்கும். 1939-இல் லெவினும் ஸ்டெட்சன் என்பவரும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். குழந்தை இறந்து பிறந்திருந்தது. தாய்க்குக் கணவரின் ரத்தத்தை ஏற்றினார்கள். இருவரும் ஓ பிரிவு. ஆனாலும் கடுமையான எதிர்வினை. வயிற்றிலிருந்த குழந்தைக்கு அப்பாவிடமிருந்து வந்த ஏதோ ஒரு ஸ்டிக்கரை அம்மாவின் உடம்பு அந்நியமாகப் பார்த்து ஆன்டிபாடி செய்திருக்கிறது என்று அவர்கள் ஊகித்தார்கள். அந்த ஸ்டிக்கருக்கு அவர்கள் பெயர் வைக்கவில்லை.

1940-இல் லாண்ட்ஸ்டைனரும் அலெக்சாண்டர் வீனர் என்ற இளைய ஆராய்ச்சியாளரும் ரீசஸ் குரங்கின் சிவப்பணுக்களை முயலுக்குச் செலுத்தினார்கள். முயலின் சீரத்தில் உண்டான ஆன்டிபாடியை மனித ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தபோது, நியூயார்க்கில் அவர்கள் சோதித்த வெள்ளையர்களில் சுமார் 85 சதவீதம் பேரின் அணுக்கள் கட்டியாயின. மீதிப் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. ரீசஸ் என்ற பெயரின் முதலிரண்டு எழுத்துகளால் அதை ஆர்.ஹெச். என்றார்கள். அவரவர் ரத்தப் பிரிவுக்குப் பின்னால் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று போடுகிறோமே, அது இதுதான். குரங்கு வழியாகக் கண்ட ஆன்டிபாடியும் மனித உடம்பில் உண்டாவதும் ஒன்றே அல்ல, பக்கத்துப் பக்கத்து வீடு என்பது பிற்பாடு தெரிந்தது. அந்த இன்னொன்றுக்கு லாண்ட்ஸ்டைனர், வீனர் இருவரின் முதலெழுத்துகளையே பெயராக வைத்தார்கள். யார் முதலில் கண்டது என்று லெவினும் வீனரும் பல காலம் மல்லுக்கு நின்றார்கள். அது வேறு கதை.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஏ, பி வாட்ச்மேன்கள் தானாக வேலைக்கு வருபவர்கள். ஆர்.ஹெச். மாதிரி மற்ற ஸ்டிக்கர்களுக்கு வாட்ச்மேன் பொதுவாகத் தானாக வருவதில்லை. அந்த ஸ்டிக்கர் ஒட்டிய வண்டி ஒருமுறை உள்ளே வந்து போக வேண்டும். ரத்தம் ஏற்றியபோதோ, கர்ப்பத்தின்போதோ அது நடக்கலாம். முதல் தடவை பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் வாட்ச்மேன் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். அடுத்த தடவை அதே ஸ்டிக்கர் வந்தால், சில நாட்களுக்குள் ஆன்டிபாடி பெருகி, ஏற்றிய அணுக்களை அழித்துவிடும். ஏற்றிய அன்று நன்றாக இருந்தவருக்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல், மஞ்சள் காமாலை, ஹீமோகுளோபின் சரிவு. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் தலசீமியா குழந்தைகள் மாதிரி மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

ஆர்.ஹெச். நெகட்டிவ் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை உண்டானால் இரண்டாவது பிரசவத்தில் குழந்தைக்கு ஆபத்து வருவதும் இதே காரணத்தால்தான். 1960-களின் இறுதியில் அதற்கு ஆன்டி-டி ஊசி வந்துவிட்டது. நம் வளாகத்தில் நெகட்டிவ் பிரிவு மருமகள்கள், மகள்கள் இருந்தால், கர்ப்ப காலத்திலும், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் அந்த ஊசி பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேட்க மறக்க வேண்டாம்.

லாண்ட்ஸ்டைனர் 1943 ஜூன் 24 அன்று, 75 வயது நிரம்பிப் பத்து நாள் கழித்து, லேபில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பால் விழுந்தார். கையில் பிப்பெட் இருந்தது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 26 அன்று, காலமானார். அவர் திருத்திக்கொண்டிருந்த புத்தகத்தின் புதிய பதிப்பு அவர் இறந்த பிறகுதான் வெளிவந்தது.

அவருக்குப் பின் இரண்டே வருடத்தில், 1945-இல், கூம்ப்ஸ் என்பவரும் அவர் நண்பர்களும் கேம்பிரிட்ஜில் ஒரு சோதனையைக் கண்டார்கள். கட்டி விழ வைக்காமல் ஓசையில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆன்டிபாடியையும் அது காட்டிக்கொடுக்கும். 1952-இல் மும்பையில் மருத்துவர் பெண்டேயும் மற்றவர்களும், ஓ மாதிரியே தெரிந்தாலும் ஓ ரத்தத்தையும் ஏற்காத ஒரு பிரிவைக் கண்டார்கள். அதற்கு பாம்பே குரூப் என்றே பெயர். இன்று ரத்தப் பிரிவு முறைகளே 40-க்கும் மேல். எல்லாவற்றுக்கும் மூலம், குறுக்கே ஆறு நெடுக்கே ஆறு போட்ட அந்த அட்டவணைதான்.

என் வீட்டுக் கதை

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன கதை. 2011-இல் என் மனைவிக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. பி பாசிட்டிவ். இரண்டு யூனிட் ரத்தம் தயாராக இருக்க வேண்டும் என்றார்கள். காலை ஒன்பது மணிக்கு ரத்த வங்கிக் கவுன்டரில் சாம்பிளையும் சீட்டையும் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் என்று நினைத்தேன். பன்னிரண்டு ஆனது. இரண்டு ஆனது. உள்ளே இருந்த பையன், சேரவில்லை சார், வேறு பை பார்க்கிறோம் என்று மட்டும் சொன்னான். ஃபிரிட்ஜ் நிறைய பி பாசிட்டிவ் பைகள் இருப்பது எனக்கே தெரிந்தது. கொதித்துவிட்டது. நான் அந்தப் பையனைப் பேசாத பேச்சில்லை. வேலை தெரியாதவன் என்றேன். மேலதிகாரிக்கு எழுதுவேன் என்றேன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்து வசவு வாங்கியவன் நான். இந்தப் பக்கம் வந்ததும் நானும் அதையேதான் செய்தேன்.

அவன் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு பைகளைக் கொடுத்து, கூடவே ஒரு சீட்டும் கொடுத்தான். ஆறு பைகள் சேரவில்லையாம். மனைவியின் ரத்தத்தில், ஆர்.ஹெச். குடும்பத்தைச் சேர்ந்த ஒரு ஸ்டிக்கருக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. 1986-இல் எங்கள் மகன் பிறந்தபோது ரத்தப்போக்கு அதிகமாகி, பக்கத்து டவுனில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அந்த வண்டிகளில் ஒன்றிலோ, வயிற்றில் இருந்த குழந்தையிடமோ அந்த ஸ்டிக்கர் இருந்திருக்க வேண்டும். வாட்ச்மேன் நோட்டு இருபத்தைந்து வருடம் பத்திரமாக இருந்திருக்கிறது. அந்த முதல் ஆறு பையில் ஒன்றை, என் சத்தத்துக்குப் பயந்து அவன் கொடுத்திருந்தால்?

அந்தச் சீட்டின் அருமை எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. நோட்டுப் படத்தில் இருந்தவரைப் பற்றிப் படித்த பிறகுதான் புரிந்தது. வங்கியில் செக் வந்தால் கணக்கு எண் சரியாக இருந்தால் மட்டும் பணம் கொடுப்போமா? மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்க்க மாட்டோமா? வரிசையில் நிற்பவர் கத்தினாலும் பார்க்காமல் விட மாட்டோம். கிராஸ் மேட்ச் என்பது அதுதான். விஷயம் புரிந்து, மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு நாள் அங்கே போனேன். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

அதனால் உங்களிடம் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்கோ வீட்டில் இருப்பவர்களுக்கோ எப்போதாவது ரத்தம் ஏற்றியிருந்தால், எந்த வருடம், எதற்காக என்று ஒரு தாளில் எழுதி ஆதார் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள், எத்தனை கர்ப்பம், கலைந்தது உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த முறை ரத்தம் தேவைப்படும்போது மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஆன்டிபாடி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தால் அதைத் தொலைக்கவே கூடாது. காலப்போக்கில் ஆன்டிபாடி அளவு குறைந்து சோதனையில் தெரியாமல் போகலாம். அப்போது அந்தச் சீட்டுதான் சாட்சி. ஏற்றிய பிறகு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ மஞ்சளோ வந்தால், ரத்தம் ஏற்றியதைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

ரத்த வங்கியில் நேரமானால் தயவுசெய்து கத்தாதீர்கள். உங்களுக்காகத்தான் ஒருவர் உள்ளே பை பையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முகாமுக்கும் வாருங்கள். ஃபிரிட்ஜில் எட்டுப் பைகள் இருந்ததால்தான் என் மனைவிக்கு இரண்டு சேர்ந்தது. இரண்டே பை இருந்திருந்தால்? எனக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது, கொடுக்க முடியாது. வாசலில் மேஜை போட்டுப் பெயர் எழுதும் வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஆயிரம் ஷில்லிங் நோட்டையும் கொண்டுவருகிறேன். சி பிளாக் மாணவியிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் பார்க்கலாம்.